பின்னறையில் கிடப்பவள்

தாதி என் வாயில் வலிமருந்தை ஊற்றிக்கொண்டிருந்தபோது, முன்னறையில் மகன் ரீவியை அலறவிட்டான்.

சின்ன வயதில் அந்த அலறல் எனக்குப் பழக்கம். சுருவில் கிராமத்து இதே வீட்டின் பின்னறையில் அம்மாவின் தங்கை குஞ்சம்மா புற்றுநோயோடு கிடந்தா. அக்காவைப் பொம்பிளை பார்க்க வந்த அன்று ஐயா றேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டார். "பரம்பரை வருத்தமெண்டு நினைப்பினம். கத்தாதையும்," என்றார். குஞ்சம்மா சீலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டு தலையாட்டினா. பாட்டு ஓய்ந்தபோது முனகல் கேட்டது. அம்மா சிரித்தபடி பலகாரத்தட்டை நீட்டினா.

இன்று அதே புற்றுநோயோடு நான் இங்கே கிடக்க, என் பேத்தியைப் பொம்பிளை பார்க்க வருகிறார்கள்.

"ஏனண்ணை இவ்வளவு சத்தம்? மருந்து குடுத்தாச்சு, அம்மா இனிக் கத்தமாட்டா," என்றாள் தாதி.

"ஓம் மிஸி," என்றான் மகன். "ஆனா அவவுக்குக் கதைக்க ஏலும்தானே."