எழுத்தில் முளைத்த செடிகள்

செடி வளர்க்கத் தோட்டக்காரனுக்கு மண் வேண்டும். எனக்கு விதி இருந்தால் போதும். எண்பதுகளில் டில்லியில் ஒரு விவசாய ஆராய்ச்சிக்கூடத்தில் தற்காலிக உத்தியோகம். ‘F என்ற எழுத்தைக் கண்டால் அதை எடுத்துவிட்டு இந்த நாலைந்து எழுத்தைப் போடு, வந்ததிலும் அதையே செய்’ என்று கம்ப்யூட்டருக்கு விதி எழுதித் தருவேன். F வந்தால் மிஷினில் மாட்டிய பேனா தாளில் கோடு இழுக்கும். கூட்டல் குறி வந்தால் திரும்பும். கடைசியில் கிளைக்குள் கிளை, அதற்குள்ளும் அதே கிளை என்று தாளில் ஒரு செடி நிற்கும். வீட்டில் விளக்கிச் சொல்ல முடியாத வேலை பார்த்த எல்லோருக்கும் என் கஷ்டம் புரியும்.

வீட்டுக்காரர்

முனிர்காவில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சௌத்ரி. மாடியில் நான், கீழே அவருடைய எருமைகள். என்ன வேலை என்று கேட்டார். மிஷினில் செடி வளர்க்கிறேன் என்றேன். ஹூக்காவைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார்.

“அச்சா. எருமை தின்னுமா?”

மூச்சு முட்டிய மிஷின்

விதியை ஒவ்வொரு சுற்று ஓட்டும்போதும் எழுத்துகள் பல மடங்காகும். இன்னும் ஒரு சுற்று ஓட்டினால் நுனி அழகாக வருமே என்று எனக்கு ஆசை. காலையில் ஆரம்பித்த பேனா, நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அதே கிளையில்தான் நின்றது. தாள் மையில் ஊறிக் கிழிந்தது. மிஷினுக்காகக் காத்திருந்த மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். ஆபரேட்டர் சர்மாஜி மட்டும் கோபிக்கவில்லை. பேனாவைத் தூக்கி நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“பாய் சாப், இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தறதை நிறுத்துங்க.”

கமிட்டி

என் வேலை நீடிக்குமா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி வந்தது. என் அதிகாரி டாக்டர் கில் படத்தை நீட்டினார். இடதும் வலதும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. “இது செடியா, டி.வி. ஆன்டெனாவா?” என்றார் தலைவர்.

மத்தியானம் வரை அவகாசம் கேட்டுக்கொண்டு ஓடினேன். ஒரே விதிக்குப் பதில் மூன்று எழுதி, ஒவ்வொரு இடத்திலும் சீட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளும்படி மிஷினிடம் விட்டேன். இந்தத் தடவை ஒரு கிளை நீண்டது, ஒன்று குட்டையாக நின்றது, ஒன்று சாய்ந்தது. தலைவர் வெகுநேரம் பார்த்தார். “அசல் செடிதான். ஆனால் என்ன செடி?” திட்டத்தில் கோதுமை என்று எழுதியிருந்தோம். படத்தில் கோதுமையின் ஜாடைகூட இல்லை. டாக்டர் கில் அசரவில்லை. “கோதுமை வயலில் வரும் களை, சார்.”

தலைவர் முகம் மலர்ந்தது. “களைதானே நமக்குத் தலைவலி. இவரைக் களைப் பிரிவிலேயே பர்மனென்ட்டாகப் போட்டுவிடுங்கள்.”

பெண் பார்த்தது

பர்மனென்ட் ஆனதும் ஜனக்புரியில் பெண் பார்க்கக் கூப்பிட்டார்கள். பெண்ணின் அப்பா பாங்க் ஊழியர். ஒரு காகிதத்தில் கிளை மேல் கிளையாகப் போட்டு அவருக்கு என் வேலையை விளக்கினேன். “புரியறது, புரியறது” என்று அவர் சொன்ன விதத்திலேயே புரியவில்லை என்று தெரிந்தது. டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண் எட்டிப் பார்த்து, ஹிந்தி ‘ஆனால்’ ஒன்று போட்டுக் கேட்டாள். “லேகின், எங்கே நிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

ஆபீஸில் ஒருவரும் கேட்காத கேள்வி. அதற்குத் தெரியாது, நாம்தான் நிறுத்த வேண்டும் என்று ஆரம்பித்து, அடுத்த காகிதத்தையும் எடுத்துவிட்டேன். அவள் அப்பாவைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டதும், கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்தேன், கட்டியும் கொண்டேன்.

“அப்பா, இவரை ஜல்தி நிறுத்துங்கோ, காபி ஆறிடும்.”

களைப் பிரிவில் ஓய்வு பெறும்வரை ஒரு களையைக்கூட நான் பிடுங்கியதில்லை; விதவிதமாக வளர்த்ததற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.