நாற்பத்தொன்றாம் எண் ஈஸிசேர்

பல் வைத்தியர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "மியூசியத்துல துணை இயக்குநரா இருந்தீங்களா? அங்க என்ன சார் வேலை, தூசி தட்டறதா?" வாய்க்குள் இரண்டு பஞ்சு உருண்டையும் ஒரு கண்ணாடியும் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தால், தூசியும் தட்டினேன், அதைவிடக் கேவலமான வேலைகளும் பார்த்தேன் என்று சொல்லியிருப்பேன்.

தாம்பரத்தில் ரயில் பாதைக்குக் கிழக்கே, பழைய பங்களா ஒன்றில், ஒரு அறக்கட்டளை நடத்திய சிறிய அருங்காட்சியகம் அது. அறுபதுகளின் கடைசியில் பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன். 'துணை இயக்குநர், சேகரிப்பும் பொது நிகழ்ச்சிகளும்' என்பது பதவியின் முழுப் பெயர். மேசைமேல் வைக்கும் பலகையில் அது அடங்காமல் 'பொது நிகழ்' என்பதோடு நின்றுபோனது. எனக்குக் கீழே நான்கு பேர்: எழுத்தர், காவலர், தோட்டக்காரர், பெருக்குகிற அம்மா. மேலே ஒரே ஒருவர், இயக்குநர். கட்டடத்தில் ஆறு அறைகள், பதினேழு ஜன்னல்கள். அவற்றில் தாழ்ப்பாள் விழுகிறவை ஒன்பது. மற்ற எட்டையும் நினைத்து நான் தூங்காத நாட்கள் நிறைய. திருடன் வரவில்லை. எங்களிடம் என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இருந்தது கல். இயக்குநர் நிலவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்லைத் தவிர வேறெதையும் மதிக்காதவர். பல்லாவரம் பக்கத்தில் கிடைத்த ஆதிமனிதனின் கற்கோடரிகளை நான்கு அறைகளில் பரப்பி வைத்திருந்தார். ஒன்றுக்கொன்று வித்தியாசம் அவருக்குத் தெரியும். பார்க்க வருகிறவர்களுக்குத் தெரியாது. நாளைக்கு மூன்று பேர் வருவார்கள். மழைக்கு ஒதுங்குகிறவர்களை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அறங்காவலர்களில் ஒரு டாக்டரின் மனைவி இருந்தார். ஆண்டுக்கொரு முறை கூட்டத்துக்கு வருவார். காபி வைத்திருக்கும் அறையைத் தாண்டி அவர் உள்ளே போய் நான் பார்த்ததில்லை. அவர்தான் சொன்னார்: "கல்லைப் பார்க்க யார் வருவாங்க? ஜனங்க வரணும். ஜனங்களைக் கொண்டாங்க."

ஜனங்களைக் கொண்டுவருவது என் பொறுப்பு. 'வீட்டுப் பொருட்கள்' என்று ஒரு கண்காட்சிக்குத் திட்டம் எழுதினேன். ஒவ்வொரு வீட்டிலும் வரலாறு இருக்கிறது என்று அதில் ஒரு வரி. இயக்குநர் படித்துவிட்டு, "ஒவ்வொரு வீட்டிலும் கரப்பான்பூச்சிகூடத்தான் இருக்கு" என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார்.

ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டி, பெருங்களத்தூரிலிருந்து சேலையூர் வரை இரண்டு நாள் சுற்ற விட்டோம். காவலர்தான் மைக்கில் கத்தினார். வாசகம் என்னுடையது: "உங்கள் வீட்டில் உள்ள பழைய பொருட்களைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் கொடுங்கள்."

தெருவில் கத்திக்கொண்டு போகிறவன் பழைய பொருள் கேட்டால் பதிலுக்கு ஏதாவது தருவான். பழைய புடவைக்கு எவர்சில்வர் பாத்திரம், ஓட்டை ஈயத்துக்குப் பேரீச்சம்பழம். தாம்பரத்தில் பல் முளைக்காத குழந்தைக்கும் தெரிந்த நியதி இது. எம்.ஏ. படித்த எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் காலை வாசலில் இருநூறு பேர் இருந்தார்கள். ஓட்டை அண்டா, காது போன ஊறுகாய் ஜாடி, பாடாத ரேடியோ, கைப்பிடி இல்லாத இஸ்திரிப் பெட்டி. மேடவாக்கத்திலிருந்து ஒருவர் தன் கிணற்று ராட்டினத்தைக் கழற்றி எடுத்து வந்திருந்தார். கிணற்றில் இன்னும் தண்ணீர் இருந்ததாம். ஒரு பெண் பல்செட்டை நீட்டினாள். உடையவர் காலமாகிவிட்டாரா என்று மெதுவாகக் கேட்டேன். "இல்ல சார், மாமனாரு தூங்கினு கீறாரு" என்றாள்.

கொடுத்தவர்களுக்கெல்லாம் முத்திரை குத்திய ரசீது ஒன்று கொடுத்தோம். அங்கேதான் தகராறு ஆரம்பித்தது. கேளம்பாக்கத்திலிருந்து மீன் விற்க வந்த அம்மா, நசுங்கிய அலுமினியக் குண்டானைக் கொடுத்துவிட்டு ரசீதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"ரசீதும்மா."

"பாத்திரம் எங்க?"

"பாத்திரம் தரமாட்டோம். உங்க பொருளைக் கண்ணாடிக்குள்ள வெச்சு எல்லாருக்கும் காட்டுவோம்."

"என் ஓட்டைக் குண்டான ஊருக்கே காட்டுவியா? இந்தச் சீட்டக் கொதிக்க வெச்சா கொயம்பு ஆவுமா? குடு சார் என் குண்டான!"

முக்கால்வாசிப் பேர் அப்படியே திருப்பி எடுத்துப் போனார்கள். போகும்போது சொல்லிவிட்டுப் போனவற்றை இங்கே எழுத முடியாது. தூக்கிப்போகச் சோம்பல்பட்டவர்கள் விட்டுப்போன வகையில் எங்களுக்கு அறுபத்துமூன்று பொருட்கள் தேறின.

அவற்றில் ஒன்று ஈஸிசேர். தேக்குச் சட்டம், நீண்ட கைகள், நடுவில் பள்ளம் விழுந்த கான்வாஸ். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா சேலையூரிலிருந்து கைவண்டியில் ஏற்றி வந்தார். பாத்திரம் கிடையாது என்று தெரிந்ததும் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் திருப்பி எடுத்துப்போக மறுபடி வண்டிக்கூலி ஆகும். "வெச்சிக்கங்க சார். வூட்டுல எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்தது. தொலஞ்சுது" என்று போய்விட்டார். எழுத்தர் அன்றே சட்டத்தின் பின்பக்கம் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதினார்: வீ.பொ. 41. சாயங்காலமே முன்னால் கயிறு கட்டிக் காட்சிக்கும் வைத்துவிட்டோம்.

மறுநாள் கதவு திறக்கும்போது வாசலில் ஒருவர் நின்றிருந்தார். கையில் ரசீது, கக்கத்தில் பேப்பர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்த அம்மாவின் கணவர். முந்தின நாள் ஒரு துக்கத்துக்காகச் செங்கல்பட்டு போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் சேர் இல்லை.

"என் ஈஸிசேரை எடுத்துக்கிட்டுப் போக வந்தேன்."

"சார், அதுக்கு நம்பர் போட்டாச்சு."

"அழிங்க."

அழிக்க முடியாது. எண் போட்ட பொருள் அருங்காட்சியகத்தின் சொத்து. அதை வெளியே விட அறங்காவலர் கூட்டம் தீர்மானம் போட வேண்டும். கூட்டத்துக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. இந்த விதியை எழுதியவன் நான்தான். எனக்கு முன்னால் இருந்த பொறுப்பாளர், பாடம் செய்து வைத்திருந்த மயிலைத் தன் மகள் கல்யாண வரவேற்பில் வைக்க எடுத்துப்போனார். மயில் மகளோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டது. அதனால் எழுதினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர், "டிக்கெட் எவ்வளவு?" என்றார். பத்துப் பைசா. வாங்கினார், உள்ளே போனார், 'தொடாதீர்கள்' என்ற பலகைக்குப் பின்னால் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி நாற்பத்தொன்றாம் எண்ணில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார்.

காவலர் ஓடினார். "பெருசு, எயுந்துரு! அது காட்சிப் பொருளு!"

"டிக்கெட் வாங்கியிருக்கேன் பா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"குந்திகினு பாக்கக் கூடாது!"

"எங்க எழுதியிருக்கு? தொடாதீங்கன்னுதான் எழுதியிருக்கு. என் சேர் என்னை இருபது வருஷமாத் தொட்டுக்கிட்டு இருக்கு. அதுகிட்டப் போய்ச் சொல்லு."

காவலர் என்னிடம் வந்து, "பேஜாராக் கீது சார். அந்தாளு டிக்கட் எடுக்குற ஜென்மம். டிக்கட் எடுக்காதவன்னா கய்த்தப் புடிச்சித் தள்ளலாம்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் பத்து மணிக்கு வந்தார், ஐந்து மணிக்குப் போனார். மதியம் தூக்குச் சட்டியில் தயிர்சாதம். சாப்பிட மட்டும் வெளியே போவார். பருக்கை சிந்தினால் எறும்பு வரும் என்று அவரே சொன்னார். என்னால் வேலை செய்ய முடியவில்லை. கான்வாஸ் கிழியுமோ, சட்டம் விரியுமோ, அவர் உட்கார்ந்தபடியே போய்ச்சேர்ந்துவிடுவாரோ, அப்படிப் போனால் அவருக்கும் எண் போட வேண்டி வருமோ என்றெல்லாம் ஓடியது.

ஆனால் கூட்டம் வந்தது. காட்டாங்குளத்தூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டி வந்த டீச்சர், "அந்தக் காலத்துல ஓய்வு பெற்றவங்க இப்படித்தான் உக்காந்திருப்பாங்க" என்று குச்சியால் சுட்டிக் காட்டினார். "பொம்மையா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்ட நேரத்தில் அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். அலறிக்கொண்டு ஓடிய பிள்ளைகளில் இரண்டு கற்கோடரி அறையில்தான் அகப்பட்டன. அந்த மாதம் நாளைக்கு நாற்பது பேர் வந்தார்கள். இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "நாலு ரூம் நிறைய லட்சம் வருஷத்துக் கல்லு இருக்கு. எல்லாரும் ஒரு பென்ஷன்காரரைப் பாக்க வர்றாங்க. இதுக்கா பொது நிகழ்ச்சின்னு பேரு?" என்றார்.

ஒருநாள் காவலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் மேசைக்கு முன் வந்து நின்றார்.

"சார், நாப்பத்தொண்ணுல மூட்டப்பூச்சி கீது."

நான் எழுந்துவிட்டேன். உயிருள்ள பூச்சி இருக்கும் பொருளை அன்றே கட்டடத்தை விட்டு வெளியேற்ற வேண்டும், அதற்குத் துணை இயக்குநரின் கையெழுத்தே போதும் என்றும் ஒரு விதி உண்டு. அதையும் நானே எழுதியிருந்தேன். ஆறு வாரமாக அது நினைவுக்கு வராதது எனக்கே அவமானமாக இருந்தது.

"எப்படி வந்தது?"

"சினிமாக் கொட்டாயில பெஞ்சு டிக்கட்டு எடுத்தா எவ்ளோ வேணும் சார்?" என்றார். அவர் சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அவர் பீடி குடிக்கிறவர், தீப்பெட்டி இருப்பது இயல்புதான். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

பொருளைக் கொடுத்தவரிடமே திருப்பலாம் என்று விதியில் இருந்தது. கார்டிடம் சொன்னபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கைவண்டி பிடித்தோம். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டுமே என்று நானும் கூடவே போனேன். வழியெல்லாம் அவர் சேரின் கைமேல் கை வைத்துக்கொண்டே நடந்தார்.

சேலையூரில் அவர் வீடு இரண்டு அறை. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நான்கு குழந்தைகள். ஈஸிசேர் இருந்த இடம் முன்னறை ஜன்னலோரம். இப்போது அங்கே ஒரு தையல் மிஷின் இருந்தது. சின்ன மருமகள் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினாள்.

அந்த அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "இத்த எங்க போடுவீங்க? மிஷினைத் தூக்கி என் தலைமேல வெக்கறதா?"

"கொஞ்சம் நகத்தினா..."

"நகத்தினா கட்டில். கட்டிலை நகத்தினா அடுப்பு. அவ தைக்கிற காசுலதான் பெரியவன் பசங்களுக்குப் பால் வருது. அந்த எடத்துலதான் வெளிச்சம்."

கார்டு ஜன்னலைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். மருமகள் எழுந்திருக்கப் போனாள். "நீ தைம்மா" என்றார். மறுபடி மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "கார்டுக்குக் கடைசிப் பெட்டி தனி சார். முப்பது வருஷம் அது எனக்கு மட்டும். வேற யாரும் ஏற மாட்டாங்க. ரிடையரானதும் அது போச்சு. இது ஒண்ணு இருந்தது."

கையெழுத்து வாங்க எடுத்த பேனாவை நான் மறுபடி பையில் செருகினேன். வண்டிக்காரர் வேறு, "இன்னா சார், எறக்கவா, திருப்பவா? வெயிட்டிங்கு தனி" என்று அரித்துக்கொண்டிருந்தார்.

"திரும்ப மியூசியத்துக்கே கொண்டு போயிடுங்க" என்றார் அவர்.

"கொண்டு போக முடியாது சார். பூச்சி இருக்கிற பொருளை உள்ள விடக் கூடாது."

"அந்த விதியையும் நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமாம்."

"நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நடுத்தெருவில் நின்று அந்த விதியை வரிவரியாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். கொடுத்தவரிடம் திருப்பலாம், 'அல்லது' என்று ஒரு சொல் இருந்தது. அல்லது, பூச்சி முற்றிலும் ஒழியும்வரை கட்டடத்துக்கு வெளியே, ஒரு நபரின் கண்காணிப்பில் வைக்கலாம். நபர் சம்பளக்காரராக இருக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை.

"திருப்புப்பா வண்டியை" என்றேன்.

தோட்டத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் சேரைப் போட்டோம். பதிவேட்டில் 'வீ.பொ. 41, வெளிக் கண்காணிப்பில்' என்று எழுதினேன். தோட்டத்துக்கு டிக்கெட் கிடையாது, ஆகவே அவருக்குத் தினம் பத்துப் பைசா மிச்சம். மழை வந்தால் சேரைத் தூக்கிக் கார் ஷெட்டில் போட்டுவிட்டு அவரும் அங்கே நிற்பார். கார் ஷெட் கட்டடத்தின் பகுதிதானா என்று இயக்குநர் கேட்டார். எங்களிடம் கார் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏழரை மாதம் கழித்து அறங்காவலர் கூட்டம் வந்தது. டாக்டரின் மனைவி காரிலிருந்து இறங்கியவுடன் மரத்தடியைப் பார்த்துவிட்டார். "அது என்ன?" என்றார். விவரத்தைச் சொன்னேன். ஈஸிசேர், மூட்டைப்பூச்சி, கண்காணிப்பு.

"இத்தனை மாசமாவா? இன்னுமா பூச்சி போகலை? வெயில்ல நாலு நாள் போட்டா போயிடுமே. உள்ள வைங்க, இல்ல தூக்கிப் போடுங்க."

ஏழரை மாதமாக நிழலில்தான் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அதற்குள் மரத்தடியிலிருந்த கார்டு பேப்பரைத் தாழ்த்தினார்.

"இன்னும் போகலைம்மா" என்றார், முழங்கையைச் சொறிந்துகொண்டே. "சந்தேகம் இருந்தா நீங்களே ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து பாருங்க." சொல்லிவிட்டு, இடம் கொடுக்கிற மரியாதையோடு, பாதி எழுந்தும்விட்டார்.

டாக்டரின் மனைவி மூன்றடி பின்னால் போனார். புடவைக் கொசுவத்தை ஒருமுறை உதறினார். "அவரே இருக்கட்டும், பாத்துக்கட்டும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் காபி அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.