அத்தைக்குத் தெரியாத பஸ்

எங்கள் அத்தைக்கு விருந்தாளி வந்தால் தலைகால் புரியாது. அதுவும் அன்று வந்தவர் வடநாட்டுக்காரர். மாமா வேலை பார்த்த சிவகாசி அச்சுக் கம்பெனியில், பட்டாசு லேபிள் சீசனில் படுத்துவிட்ட மிஷினை எழுப்பிக் கொடுத்த புண்ணியவான். ஓட்டல் காரத்தில் வயிறு வெந்து கிடக்கிறார் என்று மாமா அவரை ஏழாயிரம்பண்ணைக்குக் கூட்டி வந்தார். இலையில் உட்கார வைத்துவிட்டு, பழம் வாங்கக் கடைக்குப் போனார்.

அத்தை முதலில் வடை வைத்தாள். மூன்றாவது வடையை அவள் எடுத்ததும் அவர் இலையைக் கையால் மறைத்து, "பஸ், பஸ்" என்றார்.

அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மத்தியான பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான். இன்னும் சோறே போடவில்லை. வீடு தேடி வந்தவர் அரைவயிற்றோடு போனால் அத்தை தாங்குவாளா?

"ஏட்டி, ஓடிப்போயி பஸ்ஸை மறி! தம்பி, நீங்க பதறாதீக!"

நான் ரோட்டின் நடுவில் கைகளை விரித்து நின்றேன். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். பின்னாலேயே அத்தை வந்தாள், இடுப்பில் சோற்றுப் பானை, கையில் சாம்பார் வாளி. கைகூடக் கழுவாத விருந்தாளி வாழையிலைக் கட்டைச் சுமந்துகொண்டு வந்தார். "பஸ், பஸ்" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச அத்தை இன்னும் எட்டி நடந்தாள்.

கண்டக்டர் விசிலை எடுத்தார். "வந்த மனுசன் பசியோட போறதா? செத்த நில்லுங்கய்யா. நீங்களும் உக்காருங்க" என்று அதட்டிவிட்டு அத்தை உள்ளே ஏறினாள். விருந்தாளி தனியாகத் தின்னக் கூச்சப்பட்டார். அதற்கென்ன, பக்கத்து சீட்டுக்கும் ஒரு இலை, பின் சீட்டுக்கும் இலை. அரைநாள் வேலை முடித்துத் திரும்பிய பட்டாசுக் கம்பெனிப் பெண்கள், டிரைவர், கண்டக்டர் என்று எல்லோர் மடியிலும் ஆளுக்கு ஒரு கரண்டியாவது விழுந்தது. அடேயப்பா, அத்தையைப் போல ஒரு மனுஷியை நான் இன்றுவரை பார்த்ததில்லை!

விருந்தாளியும் அந்த பஸ்ஸோடு சிவகாசிக்குப் போய்விட்டார். பழச்சீப்போடு வந்த மாமா நடந்ததைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சாயந்தரம் நானே கொண்டுபோயி விடுறதாத்தான இருந்தேன்! பஸ்ஸுன்னா அவுக பாஷையில போதும்னு அர்த்தம்."

"போதுமா? ரெண்டு வடையிலயா?" அத்தைக்கு அப்போதுதான் கோபமே வந்தது.

கல்லூரியில் படிக்கும்போதுதான் அறிந்தேன். அவர் சொன்னது பாரசீகத்திலிருந்து இந்திக்கு வந்த சொல். நாம் ஏறும் பஸ்ஸோ, 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

போதும் என்கிற பஸ் அத்தைக்கு இன்றுவரை பிடிபடவில்லை. போன வாரம்கூட என் இலையில் மூன்றாவது வடை விழுந்தது. எல்லோருக்கும் என்கிற பஸ்ஸைத்தான் அன்று ரோட்டில் மறித்து நிற்கிறேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.