அமாவாசையில் வைத்த படப்பிடிப்பு

ஆனி மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அமாவாசை. காலை ஏழு மணி இருபது நிமிடம். காற்றே இல்லை, கிழக்கே இரண்டு துண்டு மேகம்.

அப்போது எங்கள் கம்பெனியில் மூன்றே பேர். கல்யாண வீடியோ எடுத்துப் பழகிய என் தங்கை மகன் டைரக்டர். அவன் நண்பன் கேமராமேன். நெசவாளர் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நான் மேனேஜர். டீக்கடை மாடியில் ஓர் அறை, நான்கு நாற்காலி. அதில் ஒன்று கால் உடைந்தது.

சென்னையில் ஒரு டிவி சேனல் எங்கள் தொடருக்கு மாதிரிப் பகுதி கேட்டிருந்தது. வியாழக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் எங்களுக்கு ஒதுக்கிய ஒளிபரப்பு நேரம் வேறு யாருக்கோ போய்விடும். மிச்சம் ஒரே காட்சி: கதாநாயகி தறியில் நெய்துகொண்டே அப்பாவிடம் பேச வேண்டும். படமெடுக்கப் பிடித்த நெசவுத் தெருவில் தறிகள் இருபத்தாறு. அவை ஓடினால் வசனம் காதில் விழாது. அமாவாசையன்று நெசவாளர்களுக்கு விடுமுறை, தெரு அமைதியாக இருக்கும் என்று நாள் குறித்தவன் நான்தான். அதை நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன்.

தெரு அமைதியாகத்தான் இருந்தது. தறி வீட்டு அம்மா படையலுக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“நெய்யறவரு எங்கம்மா? அவரு கையை மட்டும் கிட்டத்துல எடுக்கணும்” என்றேன்.

“இன்னா சார், அமாவாசையும் அதுவுமா யாரு தறியில ஒக்காருவா? இது தெரிஞ்சுதானே நாள் வெச்சீங்க?”

தங்கை மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “மாமா, முப்பத்தொரு வருசம் அந்தச் சங்கத்துல இன்னாதான் எழுதிக்கினு இருந்தே?”

நடிகைக்கு அன்று ஒரு நாள்தான் தேதி. நான் கெஞ்சியதைப் பார்த்து அந்த அம்மாவே இரங்கினார்.

“எங்க கை படாது. உங்க பொண்ணு வேணா ஒக்காரட்டும். நூல் ஓட்டற அந்த நாடாவ சும்மா கையில வெச்சுக்கினு பேசச் சொல்லுங்க. கீழ கால் மிதிய மட்டும் மிதிக்கக் கூடாது, ஆமா.”

வசனத்தின் வேகத்தில் அந்தப் பெண் நாடாவை வீசி, மிதியை மிதித்து, நூலை அடித்து நெருக்கும் பலகையையும் இழுத்துவிட்டாள். நாடா நீளவாட்டில் கட்டியிருந்த பாவு நூலுக்குள் பாதியில் சிக்கிக்கொண்டது. படபடவென்று இழைகள் அறுந்தன. “ஐயோ, அறுந்துடுச்சேப்பா!” என்று அலறினாள். அது வசனத்தில் இல்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அறுந்தவற்றை எண்ணினேன். நூற்றுப் பதினேழு இழை.

சேனல்காரர்களுக்குப் பிடித்தது அந்த அலறல்தான். முதலில் பதின்மூன்று வாரம் கொடுத்தார்கள். அது ஐம்பத்திரண்டு வாரம் ஆயிற்று. இன்று கம்பெனிக்கு இரண்டு மாடி, மூன்று எடிட்டிங் அறை, நாற்பத்தொரு பேர், அறுபத்தெட்டு நாற்காலி. நான் போனால் உட்கார ஒன்று காலியாக இருப்பதில்லை. காலுடைந்த அந்த நாற்காலியை யார் தூக்கிப் போட்டார்கள் என்று இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

படப்பிடிப்புக்கு மறுநாள் இருவர் உட்கார்ந்து அறுந்த இழைகளுக்கு முடிச்சுப் போட ஆரம்பித்தார்கள். முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. முடிச்சு தெரிகிறது என்று, தறியில் இருந்த அந்தப் பட்டுச் சேலையை ஜவுளி முதலாளி வாங்க மறுத்துவிட்டார். கம்பெனியில் யாரிடமும் சொல்லாமல் நானே வாங்கிக்கொண்டேன். முடிச்சுகள் கொசுவத்துக்குள் வரும்படி வைத்து, என் மனைவி அதை விசேஷங்களுக்குக் கட்டுகிறாள். முடிச்சுப் போட்டவர்களின் கூலி இரண்டாயிரத்து நானூறு, சேலை இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு. ஆக இருபத்தையாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய்.