நாங்கள் வெள்ளையடித்த வீடு

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் கொஞ்ச காலம் இடது பக்கம்தான் உட்கார்ந்துவந்தேன். அந்த வீடு வலது பக்கம் இருக்கிறது. இடது பக்கம் இருந்தாலும் அந்த இடம் வந்ததும் தலை தானாகத் திரும்பிவிடுகிறது. ஆகவே இப்போது வலது பக்கமே உட்காருகிறேன். பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பார்க்கலாம்.

தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கருக்கு வேலை இருக்கும்வரைதான் வீடு. என் அப்பாவும் கிளாக்கர். ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸைக் காலி செய்து, தங்கை வீட்டின் பின்னறையில், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்து இறந்தார். எனக்கு அப்படி ஆகக்கூடாது என்று, தலை நரைக்கத் தொடங்கியபோதே வீடு தேட ஆரம்பித்தேன். தோட்டத்தில் பிறந்தும் எங்களுக்கு அதுவரை இல்லாத குடியுரிமைப் பத்திரமும் அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. எங்களுடையது என்று சொல்ல ஒரு விலாசம்தான் இல்லை.

டவுன் முடிகிற இடத்தில் ஒரு சின்ன தகரக் கூரை வீடு அமைந்தது. சொந்தக்காரர் யாழ்ப்பாணத்து மாஸ்டர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, இந்த வீட்டை ஒரு வெங்காய வியாபாரிக்குச் சாமான் அடுக்கக் கொடுத்திருந்தார். வியாபாரி அப்போதுதான் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். பென்ஷன் எடுத்ததும் ஊரோடு போகப்போகிறவர். பத்திரம் எழுதும் நொத்தாரிசு முன்னால் விற்பனை ஒப்பந்தம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். முற்பணம் கொடுத்தேன். வீட்டை என் பேருக்கு உறுதி எழுதுவது அவர் பென்ஷன் எடுத்த பிறகு என்று முடிவு. எழுந்திருக்கும்போது மாஸ்டர் சாவியை என் கையில் வைத்தார்.

"சும்மாதானே கிடக்குது தம்பி. போய்த் துப்புரவாக்குங்கோ."

தோட்டத்தில் சாவி கைக்கு வந்தால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் வெள்ளையடிப்போம். பிறகு பாத்தி வெட்டி விதை ஊன்றுவோம். அதன் பிறகுதான் சாமான் ஏற்றுவோம். குவாட்டர்ஸ் மாறிய ஒவ்வொரு தடவையும் நாங்கள் அப்படித்தான் செய்திருக்கிறோம். இந்த வீட்டுக்கும் அப்படியே செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே அங்கே போவோம். சுண்ணாம்பில் கொஞ்சம் மஞ்சள் கலந்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக இரண்டு பூச்சு. பின்பக்கம் போஞ்சி விதை ஊன்றி, கொடி ஏறக் கம்பு நட்டோம். வெங்காய மூட்டை அடுக்கியிருந்த பின்னறையில் ஒரு ஜன்னலைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். ஆணிகளைப் பிடுங்கிப் பலகையை இறக்கினேன். எதிரே நமுனுகுலை மலை முழுதாக நின்றது. மனைவி சுண்ணாம்பு வாளியோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"என்னாங்க, இது நம்ம மலையா?"

"ஜன்னல் நம்மளது. மலை அரசாங்கத்தோடது."

"ஜன்னல் போதும்."

வேலை முடிந்த ஞாயிறன்று மாஸ்டரும் அவர் மனைவியும் வந்தார்கள். வெங்காய நெடிக்குப் பயந்து அந்த அம்மா அதுவரை வாசலைத் தாண்டி உள்ளே போனதே கிடையாதாம். நேராகப் பின்னறைக்குப் போய் ஜன்னலடியில் நின்றவர், நாங்கள் கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்க மறந்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, இப்பிடி ஒரு வீடெண்டு எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"எனக்கே இப்பதானப்பா தெரியுது" என்றார் மாஸ்டர்.

நாங்கள் சிரித்தோம். போஞ்சிப் பாத்தியையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

அடுத்த வாரம் மாஸ்டர் குவாட்டர்ஸுக்கு வந்தார். முற்பணத்தையும், விற்க மறுத்தால் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் கண்ட தொகையையும் மேசையில் வைத்தார்.

"அவ ஊருக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறா, தம்பி. உந்த ஜன்னலடியிலதான் இருப்பாவாம்."

"மாஸ்டர், நாங்க வெள்ளையடிச்சிட்டோமே."

"அதாலதான், தம்பி."

வெள்ளையடித்த செலவையும் தர வந்தார். "சுண்ணாம்புக் காசு வேணாங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போய்விட்டாள். நொத்தாரிசைப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் உள்ளபடிதான் விலகியிருக்கிறார், வழக்குக்கு இடமில்லை என்றார். அன்று டயரியில் 'மழை. சாவி திருப்பிக் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் எழுதினேன்.

அவர்கள் குடிபுகும் நாளில் பால் காய்ச்சுகிறோம் என்று எங்களையும் அழைத்தார்கள். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். பொறாமைதான். அதைப் பிறர் வாயால் கேட்பானேன் என்று போனோம். அந்த அம்மா வந்தவர்களை ஒவ்வொருவராக ஜன்னலுக்கு அழைத்துப்போனார். "வடிவான இடமெல்லே?" என்று கேட்டபோது, மலையை ஊரிலிருந்து சீதனமாகக் கொண்டுவந்தவர் போலிருந்தது. யாரோ சுவரைத் தடவிப்பார்த்தார்.

"நல்ல மஞ்சள். ஆர் அடிச்சது?"

"உந்தத் தோட்டத்துக் கிளாக்கர் ஆக்கள்தான்" என்றார் அம்மா. கூலிக்கு அடித்தோம் என்றே கேட்டவர் நினைத்திருப்பார். நான் பாயசத்தைக் கீழே வைத்தேன்.

மனைவி அதற்குள் பின்பக்கம் போயிருந்தாள். போஞ்சி காய்த்துத் தொங்கியது.

"அம்மா, கொஞ்சம் பிடுங்கிக்கவா?"

"எடுங்கோ பிள்ளை, கேக்கவும் வேணுமே? எங்கட வீட்டுப் போஞ்சி. நல்ல ருசியாயிருக்கும்."

"ஆமாங்க, உங்க வீட்டுப் போஞ்சிதான்" என்றாள் மனைவி. கையிலிருந்த பை நிறைந்ததும் முந்தானையை ஏந்திக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"பிஞ்சக்கூட விடல. பூவையும் உருவிட்டேன்."

கண்டிக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"கம்பு?"

"கம்ப எப்படிங்க பஸ்ல ஏத்துறது?"

அந்தக் கம்புகள் இன்னும் அங்கே நிற்கின்றன. நாங்களும் இன்னும் குவாட்டர்ஸில்தான். போன வாரம் பஸ் வீட்டைத் தாண்டி வளைவில் மெதுவாகத் திரும்பியபோது பின்பக்கமும் தெரிந்தது. மஞ்சள் மங்கவில்லை. பின்ஜன்னல் திறந்திருந்தது. கம்புகளில் புதுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது.