ஆடுகள் படுத்த இடம்

காஸ்பியன் கரையில், எங்கள் அக்தாவ் நகரில், கோடையில் வெறிச்சோடிக் கிடந்து குளிர்காலத்தில் ஆள் நிரம்பும் விடுதித் தோட்ட முற்றம் ஒன்று உண்டு. அதை அமைத்தவர் பல்ஜியா அக்கா. அது பெரிய கலை என்று நான் சொல்ல மாட்டேன். தண்ணீர்க் குழாய்களைக் கவனிக்கும் வேலையில் ஆரம்பம் முதல் அங்கே இருந்தவன் என்ற முறையில், அது எப்படி அப்படி ஆனது என்று மட்டும் சொல்ல முடியும்.

பல்ஜியா மேய்ச்சல்காரர் வீட்டுப் பெண். அல்மாட்டியில் தோட்டம் அமைக்கும் படிப்பு முடித்து, நகரத் தெருக்களில் மரம் வைக்கும் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் மரம் தானாக வராது. சிப்பிப் பாறையைக் குடைந்து, வெளியூர் மண்ணைக் கொட்டி, உப்பு நீக்கிய கடல்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால்தான் நிற்கும். அதனால் இங்கே ஒரு மரம் சாய்ந்தால் தெருவே பேசும்.

ஓதெகென் என்பவர் கடற்கரையில் விடுதி கட்டத் தொடங்கியபோது தோட்டத்துக்கு வரைபடம் கேட்டார். ஜனவரிக் குளிரில் ஒருநாள் பல்ஜியா வந்தார். பின்னால் தாய்மாமன் ஜல்காஸ், அவருக்குப் பின்னால் ஆட்டு மந்தை.

"என்னக்கா இது? படம் கேட்டா மந்தைய ஓட்டிக்கிட்டு வர்றீங்க?"

"உன் என்ஜினியரு காத்த எந்தப் பேப்பர்ல வரைஞ்சிருக்காரு? காட்டு தம்பி, பாக்கலாம்."

ஓதெகென் மாமனைப் பார்த்தார்.

"என்னை ஏன்யா பாக்குற?" என்றார் ஜல்காஸ். "அக்கா மக மூணு தரம் வரைக்கும் எதக் கேட்டாலும் தாய்மாமன் மறுக்கக் கூடாதுன்னு எவனோ சொல்லி வச்சிட்டான். படிக்கப் போறப்ப என் குதிரைய வாங்கிட்டுப் போய் வித்தா. இது ரெண்டாவது."

ஆடுகள் வெறும் பாறைமேல் கொஞ்ச நேரம் அலைந்தன. பிறகு காற்றுப் படாத ஒரு பள்ளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. பல்ஜியா அங்கே முளை அடித்தார். அந்த இடம்தான் கல் பாவிய சாப்பாட்டு முற்றம் ஆயிற்று. காற்றை இன்னும் முழுதாகத் தடுக்க, கடல் பக்கம் ஜிடா மரங்களை வரிசையாக நட்டார். வெள்ளிநிற இலையும், மே மாதக் கடைசியில் தேன் மணக்கும் மஞ்சள் பூவும் உள்ள மரம். அவர் வரைந்தவற்றில் அந்த முற்றம்தான் சிறந்தது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மரங்கள் வளர்ந்து அடர்ந்தபோது தவறு தெரிந்தது. விருந்தாளிகள் வருவது ஜூலையில். வெயில் கொளுத்தும்போது அவர்கள் தேடுவது காற்றை. முற்றத்திலோ இலைகூட அசையாது.

"குழம்புச் சட்டிக்குள்ள மூடி போட்டு உக்காத்தி வச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு குடும்பம் அடுத்த விடுதிக்கே போய்விட்டது.

இந்தத் தவறை எங்களவர் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு இடம் பார்ப்பது என்றாலே குளிர்காலத்துக்குப் பட்டி போட இடம் பார்ப்பதுதான். கோடைக்கு யாரும் இடம் தேடுவதில்லை. புல் இருக்கும் பக்கம் நடந்துகொண்டே இருப்போம். பல்ஜியாவின் படிப்பு இதை அறியாதது அல்ல. ஆனால் ஆடுகளிடம் கேள்வி கேட்டது ஜனவரியில். பதிலும் ஜனவரிக்கு உரியதாகத்தான் இருந்தது.

"மரத்தையெல்லாம் வெட்டிடுங்கக்கா. மாசக் கடைசிக்குள்ள" என்றார் ஓதெகென். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பல்ஜியா வரிசையை ஒருமுறை நடந்து பார்த்தார். "ஒரு வாரம் குடு தம்பி" என்றார். மறுநாள் மாமனின் மேய்ச்சல் நிலத்துக்குப் போனார். குழாய் வண்டியில் அழைத்துப் போனவன் நான்.

"கேக்கறதுக்கு மிச்சமிருக்குற கடைசித் தரத்த மரத்துக்கா செலவழிப்ப?" ஜல்காஸுக்கு நிஜமாகவே கோபம். "உன் மக கல்யாணத்துக்கு வச்சுக்கடி. நல்ல குதிரையாக் கேளு, தர்றேன்."

"மரத்த வெட்டிப்புட்டு இந்த ஊர்ல எந்த முகத்தோட மாமா கல்யாணம் பண்ணுவேன்? ஆட்டக் குடுங்க."

"குடுக்கறேன். இத்தோட மூணும் முடிஞ்சுது. இனிமே கேட்டா கல்லத் தூக்கித்தான் போடுவேன்."

உச்சி வெயிலில் மந்தை விடுதிக்குள் நுழைந்தது. விருந்தாளிகள் படம் எடுத்தார்கள். ஆடுகள் வாசலில் இருந்த ரோஜாக்களைத் தின்றன. முற்றத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. மரவரிசையைத் தாண்டி, கடல் பக்க மூலையில் ஒரு கல்மேடு. மரக்குழி தோண்டிய கல்லை அப்படியே கொட்டி வைத்திருந்த அசிங்கம். அதன்மேல் ஏறின. ஒன்றின் வயிற்றடியில் ஒன்று தலையைச் செருகிக்கொண்டு அசையாமல் நின்றன.

பல்ஜியாவும் ஏறினார். தலைத்துணி காற்றில் படபடத்தது. அங்கிருந்து கீழே தன் முற்றத்தை வெகுநேரம் பார்த்தார்.

"படந்தான் தப்பு தம்பி. மரம் தப்பில்ல" என்றார். "மேசையெல்லாம் இங்க கொண்டாந்து போடு."

"இந்தக் குப்பை மேட்டுலயா?"

"நீயே ஏறி வந்து நின்னு பாரு."

ஓதெகென் ஏறி வந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டார். கடல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு, "சரி, மரம் இருக்கட்டும். என் ரோஜாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"ஆட்டுக்கிட்ட கேளு" என்றார் ஜல்காஸ்.

மேட்டைச் சமன்செய்து நாணல் கூரை போட்டார்கள். கோடை முழுக்கக் கூட்டம் அங்கேதான். பல்ஜியாவின் முற்றத்தில் யாரும் உட்காரவில்லை. அந்தப் பக்கம் போகும்போது அவர் நடை வேகமாகும்.

டிசம்பரில் விடுதி ஏறக்குறைய மூடிக் கிடக்கும். அப்போதுதான் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக அந்த முற்றத்துக்கு வரத் தொடங்கினார்கள். தள்ளுவண்டியில் குழந்தையோடு தாய்மார்கள், தேநீர்க் குடுவையோடு கிழவர்கள். ஓதெகென் முதலில் விரட்டிப் பார்த்தார். பிறகு தன் அம்மாவையே கூட்டிவந்து உட்காரவைத்தார். ஜல்காஸும் ஒருநாள் வந்தார். மரங்களுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். திறந்தவெளியில், ஜனவரியில், அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்தது அன்றுதான். பல்ஜியா அதைக் கவனித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகளின் கல்யாணம் மாமனின் குதிரை இல்லாமலே நடந்தது. பல்ஜியா இப்போது அந்த மகளோடு தொலைவில் இருக்கிறார், ஜல்காஸ் காலமாகிவிட்டார். கடலும் பின்வாங்கிப் போய்விட்டது. மேட்டிலிருந்து பார்த்தால் முதலில் சேறுதான் தெரிகிறது. உறைபனிக்கு முன் குழாய்களை மூடிவிட்டு நான் அந்த முற்றத்தில் போய் உட்காருவேன். மரங்களுக்கு மேலே காற்று ஊளையிட்டுக்கொண்டு போகும். கையிலிருக்கும் தேநீரின் ஆவி மட்டும் நேராக மேலே எழும்.