போயிட்டு வரேன் என்று ஒரு வெளிநடப்பு

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டு, அதாவது நம்மூர் பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்லூரியில் 'மாதிரி உலக சபை' என்று இரண்டு நாள் கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து, ஆங்கிலத்தில் வாதாடி, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வர வேண்டும். வாயாடி என்று ஏற்கெனவே பேரெடுத்தவள் நான், சும்மா இருப்பேனா? முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். என் பெஞ்சுத் தோழியையும் இழுத்துப் போட்டேன்.

அவள் கன்னடக்காரி. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் கிராமம், அப்பாவுக்குக் கரும்புத் தோட்டம், தினமும் பஸ்ஸில் வருவாள். நாங்கள் தமிழ்க் குடும்பம், அப்பாவுக்கு இங்கே தொழிற்சாலையில் வேலை. மதியம் அவளுடைய சித்ரான்னம் எனக்கு, என்னுடைய புளியோதரை அவளுக்கு. அவளுக்கு நான் தமிழ்கூடக் கற்றுக்கொடுத்திருந்தேன், முதல் பாடமே வசவுதான்.

சபைத் தலைவர் எங்கள் சரித்திர லெக்சரர். அவர் கொடுத்த பிரச்சினை இதுதான்: ஒரே ஆற்றை நம்பி இரண்டு நாடுகள். ஒன்று அணை கட்டி வைத்திருக்கிறது, இன்னொன்று தண்ணீர் கேட்கிறது. எந்த ஆறு என்று அவர் பெயர் சொல்லவில்லை. மைசூரில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை! சீட்டுக் குலுக்கியதில் தமிழச்சியான எனக்கு அணை வைத்திருக்கும் நாடு வந்தது. கன்னடக்காரியான அவளுக்குத் தண்ணீர் கேட்கும் நாடு. வகுப்பே கைகொட்டிச் சிரித்தது.

வீட்டில் சொன்னதும் அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஏம்மா, நம்ம வீட்டுப் பொண்ணு தண்ணி விடமாட்டேன்னு மைக்ல பேசறதா? ஊர்ல பெரியப்பா காதுல விழுந்தா என்னைச் சும்மா விடுவாரா?" என்றார். அவள் வீட்டிலும் அன்று இதே கூத்துதானாம்.

முதல் நாள் நான் வெளுத்து வாங்கினேன். "இருக்கிற தண்ணீரையெல்லாம் கரும்புக்கு இறைத்துவிட்டு, அப்புறம் இல்லை இல்லை என்று அழுகிறவர்களுக்கு நாங்கள் ஏன் தர வேண்டும்?" என்று கேட்டேன். கைதட்டல் அடங்கவே இல்லை. அவள் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் மயக்கத்தில் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் அவள் முறை. எழுந்து, நிதானமாக, அணை நாட்டின் மாண்புமிகு பிரதிநிதி தினமும் காலையில் தெருக்குழாயில் வாளியோடு நின்று சண்டை போடுகிறார், ஒரு வாளித் தண்ணீரின் அருமையை அவரையே கேளுங்கள் என்றாள். அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது.

உண்மைதான். எங்கள் தெருவில் குழாயடிச் சண்டை இல்லாத நாளே கிடையாது. ஆனால் அது நான் அவளிடம் மட்டும், சிரித்துக்கொண்டே சொன்ன விஷயம். நானூறு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாளே! எனக்குக் காதெல்லாம் சுட்டது. அழுகை வேறு முட்டியது. அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டேன். இந்தச் சபையும் வேண்டாம், இவளும் வேண்டாம். திங்கட்கிழமை முதல் வேறு பெஞ்ச், இனி இவள் முகத்தில் முழிக்கக் கூடாது.

வெளிநடப்பு செய்ய விதி இருந்தது. வாசலில் நின்று அறிவித்துவிட்டுப் போகலாம், போனால் திரும்ப வர முடியாது. நாற்காலியைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனேன். 'எங்கள் நாடு இந்தச் சபையை விட்டு வெளியேறுகிறது' என்ற ஆங்கில வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. திரும்பி, விரலை நீட்டி, முழுக் கோபத்தோடு கத்தினேன்:

"ஐ ஆம் கோயிங் அண்ட் கமிங், சார்!"

அப்புறம் எழுந்த சிரிப்பு இருக்கிறதே, மேற்கூரை பறந்திருக்கும். நான் என்ன செய்வேன்? எங்கள் வீட்டில் வாசல் தாண்டும்போது 'போறேன்' என்று சொல்லிவிட்டால் போதும், அம்மா வாயிலேயே ஒன்று போடுவாள். "போயிட்டு வரேன்னு சொல்லுடி!" பேச வந்த நாளிலிருந்து பழகிய நாக்கு. வாசல்படியைக் கண்டதும் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

லெக்சரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வெளிநடப்புக்கு விதி இருக்கிறது, போய்விட்டு வருவதற்கு விதியே இல்லை, ஆகவே இது பத்து நிமிஷ இடைவேளை என்று அறிவித்தார். பிறகு கன்னடத்தில், "ஹோகி பன்னி, பேக பன்னி" என்றார். போய் வாருங்கள், சீக்கிரம் வாருங்கள் என்று.

வராந்தாவில் குடிதண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஓடி வந்தாள்.

"ஹோக்தீனி அந்த்ரெ நம்மம்மனூ பய்தாரெ கணே" என்றாள். போறேன் என்று சொன்னால் எங்கம்மாவும் திட்டுவாங்கடி என்று அர்த்தம். அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "குழாய் விஷயத்தை ஏண்டி சபையில சொன்னே?" என்றேன்.

அவள் நான் கற்றுக்கொடுத்த தமிழிலேயே திருப்பிக் கேட்டாள். "நீ கரும்பு விஷயம் ஏன் சொன்னே? எங்கப்பா வெட்டிக் குடுத்த கரும்புதானே நீ தின்னே?"

எனக்குச் சுருக்கென்றது. சங்கராந்திக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் அப்பா தோட்டத்திலேயே கரும்பை வெட்டி, சீவி, என் கையில் கொடுத்தார். கால்வாயில் இரண்டு வாரமாகத் தண்ணீர் வரவில்லை, பயிர் என்ன ஆகுமோ என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டதும் அவர்தான். அதைத்தான் நான் மைக்கில் விற்றுக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். வீட்டு விஷயத்தை முதலில் சபைக்கு இழுத்தது நான்தானே?

"தப்புதாண்டி" என்றேன். அவள் தாவணி நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம். இரண்டே வரித் தீர்மானம் எழுதினோம். தண்ணீர் குறையும் காலத்தில் குறையையும் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்வது. கோபத்தில் எழுந்து போகிற யாராக இருந்தாலும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். லெக்சரர் இரண்டாவது வரியைப் படித்தபோது மேஜைகள் தடதடவென்று அதிர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. பரிசு என்னவோ, இரண்டு நாளும் வாயே திறக்காமல் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு தீவு நாட்டுக்குப் போனது!

சாயங்காலம் அப்பா வாசலிலேயே காத்திருந்தார். "தண்ணி விட்டியா?" என்றார். "விட்டுட்டேன்ப்பா" என்றேன். அப்புறம்தான் காப்பியே குடித்தார்.

இன்று அவள் கடல் கடந்து இருக்கிறாள். போனில் இன்னும் சண்டை போடுகிறோம், பட்டென்று வைத்தும்விடுகிறோம், ஆனால் 'போயிட்டு வரேன்' சொல்லாமல் இருவரும் வைத்ததே இல்லை. அன்றைக்கு நான் மட்டும் பிழையில்லாத ஆங்கிலத்தில் வெளிநடப்பு செய்திருந்தால், நல்ல பேச்சாளி என்று பெயர் வாங்கியிருப்பேன், அவளை இழந்திருப்பேன்.